நம் மலையின் கறுப்புப் பூங்குருவி
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் வாசிக்கப்பட்ட உரை)



செயற்குழு எங்களுக்கு வைத்த நிபந்தனை ஒன்றுதான்: இருபது நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. எதைப் பற்றிப் பேசுவது என்பதை எங்களிடமே விட்டுவிட்டார்கள். கல்லூரியின் வரலாற்றையும் அதிபர்மாரின் சேவையையும் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் இந்த மேடையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். விஞ்ஞானப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள் நால்வரும் ஒரு பறவையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். எங்களில் ஒருவர் நுவரெலியாவிலேயே இருக்கிறார். ஒருவர் டயகமப் பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியை. மூன்றாமவர் இங்கிலாந்தில். நான்காமவர் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தக் காலத்தில் குடும்பத்தோடு நீலகிரிக்குப் போய் இன்று கோத்தகிரிக்கு அருகே வசிப்பவர். நால்வரும் இருக்கும் ஊர்களில் ஒரே பெயரால் அழைக்கப்படும் பறவை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பிளாக்பேர்ட். உரையை நால்வருமாக எழுதினோம், வாசிப்பது ஒருவர்.

தமிழ்ப் பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பறவை நூல்களில் இந்தக் குடும்பத்துப் பறவைகளுக்குப் பூங்குருவி என்ற பெயர் வழங்குகிறது. நம் தோட்டங்களில் இதற்குத் தனிப்பெயர் இருப்பதாக எங்கள் காதில் விழவில்லை. கறுப்புக் குருவி என்பார்கள், மைனா என்பார்கள், சிலர் கரிச்சான் என்பார்கள். நாங்கள் கறுப்புப் பூங்குருவி என்றே சொல்லிப் போகிறோம். நல்ல பெயர் தெரிந்த அக்காமார் பின்னர் திருத்தலாம்.

எப்படி இருக்கும்? மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் பறவையைத் தூரத்தில் பார்த்தால் கறுப்பு. கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் கறுப்பில்லை. முதலாம் வகுப்பில் நாம் எழுதிய கற்சிலேட்டை ஈரத் துணியால் துடைத்தவுடன் ஒரு நீலங்கலந்த கருமை தெரியுமே, அந்த நிறம். தலையிலிருந்து வால் வரை அதே நிறம்தான், வெள்ளைத் திட்டு எங்கும் கிடையாது. அந்தக் கருமைக்கு நடுவே சொண்டும், கண்ணைச் சுற்றிய வளையமும், காலும் செம்மஞ்சள். மழைக்காலத்தில் புகார் மூடியிருக்கும்போது உடம்பு தெரியாமல் சொண்டு மட்டும் அசைவதைக் கண்டிருக்கிறோம். பெண் பறவையும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கருமை சற்று மங்கி மண்ணிறம் கூடியிருக்கும், அவ்வளவுதான். சொண்டும் காலும் பெண்ணுக்கும் செம்மஞ்சளே. கூட்டைவிட்டு வந்த குஞ்சுகள் மண்ணிறமாக, மார்பில் புள்ளிகளோடு இருக்கும்.

மைனாவோடு குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. மைனாவுக்கு உடம்பு மண்ணிறம், கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் தோல், பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெள்ளை. அதோடு மைனா லயத்து வாசலுக்கு வந்து சோறு பொறுக்கும், அப்படிப்பட்ட துணிச்சல் நம் பூங்குருவிக்கு இல்லை. கரிச்சானுக்கு வால் நீண்டு பிளந்திருக்கும், அது உயரத்தில் உட்கார்ந்து பூச்சியைப் பறந்து பிடிக்கும். பூங்குருவி தரையில் தேடும் பறவை. சருகைச் சொண்டால் ஒரு பக்கம் தள்ளி, தலையைச் சாய்த்து ஒரு கணம் நிற்கும். பிறகு இரண்டு தத்துத் தத்தி அடுத்த சருகுக்குப் போகும். மண்புழு, பூச்சி, காட்டுப் பழம் எல்லாம் தின்னும்.

உண்மையில் குழப்பக்கூடிய பறவை ஒன்று மட்டும் உண்டு. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி. அதுவும் கருமை, அதுவும் காட்டுக்குள் ஓடைக்கரையில் திரியும். ஆனால் அதன் சொண்டு கறுப்பு, ஆணின் தோளில் நீலத் திட்டு. சொண்டைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஹப்புத்தளைப் பக்கம் தோட்டம் வைத்திருந்த சாமுவேல் பிளை என்ற துரையின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஹோல்ட்ஸ்வேர்த் என்பவர் 1872இல் அதை விபரித்து எழுதினார். இந்தப் பறவை பிறகும் ஒருமுறை வரும், அதனால் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புப் பூங்குருவி இலங்கையில் மலைநாட்டில் மட்டுமே உண்டு, பொதுவாக 900 மீற்றருக்கு மேல். ஹற்றன் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர், ஆகவே நம்மில் பெரும்பாலோர் பிறந்து வளர்ந்தது இதன் எல்லைக்குள்தான். ஹக்கலை, கல்வேஸ்லாந்து, பிதுருதலாகலைச் சரிவு, பட்டிப்பொல, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு எல்லாம் அதன் இடங்கள். தோட்டத்துக்குள் என்றால் காட்டுத் தொங்கலில் உள்ள மேல்மலைகளில், தேயிலை முடிந்து காடு தொடங்கும் அந்த விளிம்பில், விடிய முன்னும் மாலை மங்கிய பின்னும் பார்க்கலாம். பார்ப்பதைவிடக் கேட்பது சுலபம். கொழுந்து நிறுத்து முடிந்து, கூடைகள் லயத்துக்குத் திரும்பி, மற்றக் குருவிகள் அடங்கிய பிறகும் உயர்ந்த கிளை ஒன்றிலிருந்து இது பாடிக்கொண்டிருக்கும். அவசரமில்லாத, கனத்த, புல்லாங்குழல் போன்ற குரல். ஒரு அடி பாடி நிறுத்தும், யோசிப்பது போல் இருக்கும், பிறகு வேறொரு அடி.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். ஆரம்ப வகுப்பில் நம்மில் பலர் 'சிங் எ சோங் ஒஃப் சிக்ஸ்பென்ஸ்' என்ற ஆங்கிலப் பாட்டைப் படித்தோம். அரசனுக்குச் சுட்ட பலகாரத்துக்குள் இருக்கும் பறவைகள் பிளாக்பேர்ட்தான். பாடப்புத்தகப் படத்தில் இருந்தது ஆங்கிலேயப் பறவை. நம் மலையில் கோப்பி போட வந்த துரைமாருக்கு, மாலையில் பங்களாவின் பின்பக்கக் காட்டில் ஊர்ப் பறவையின் குரல் கேட்டது போல் இருந்திருக்கும். அதனால் அதே பெயரை இதற்கும் சூட்டிவிட்டார்கள். பட்டிப்பொலவில் பார்த்த பறவையையும் தன் வீட்டுப் புற்றரையில் தினமும் பார்க்கும் பறவையையும் இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் தோழி அருகருகே வைத்து ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ஆங்கிலேயப் பறவை பெரியது, 24 முதல் 29 சென்ரிமீற்றர் வரை. நம்முடையது ஏறக்குறைய 20. அங்கே ஆணுக்குக் கால் கருமண்ணிறம், நம் பறவைக்குச் செம்மஞ்சள். அங்கே பெண் பறவை தவிட்டு நிறம், சொண்டும் மங்கல், ஆணோடு ஒப்பிட்டால் வேறொரு பறவையோ என்று தோன்றும். இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் அத்தனை வித்தியாசம் இல்லை. குணத்திலும் அப்படித்தான். ஆங்கிலேயப் பறவை வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து ஆளை முறைக்குமாம். நம்முடையது கூச்சம் மிகுந்தது, ஆள் அரவம் கேட்டால் புதருக்குள் மறைந்துவிடும்.

நெடுங்காலமாக ஐரோப்பாவிலிருந்து சீனா வரையிலும், தெற்கே இலங்கை வரையிலும் உள்ள எல்லாவற்றையும் ஒரே இனமாகவே வகைப்படுத்தியிருந்தார்கள். அண்மைக் காலத்தில்தான் அதை நான்காகப் பிரித்தார்கள்: ஐரோப்பியப் பறவை, சீனப் பறவை, திபெத்துப் பறவை, இந்தியப் பறவை. திபெத்துப் பறவை உருவில் பெரியது, அதற்குக் கண் வளையமே இல்லை. குளிர் கூடிய நாட்டில் பறவை பெருத்தும், வெப்ப நாட்டில் சிறுத்தும் இருப்பது பல பறவைகளில் காணும் விஷயம்தான். ஈரம் மிகுந்த இடத்தில் இறகின் நிறம் கறுக்கும் என்ற விதியை குளோகர் என்ற ஜேர்மானியர் 1833இலேயே எழுதியிருக்கிறார். மழையும் புகாரும் ஓயாத நம் மலைப் பறவையின் கருமை அதற்குப் பொருந்திவருகிறது.

நால்வரில் மூன்று பேருக்குச் சம்பந்தப்பட்டது நான்காவது பிரிவான இந்தியப் பறவை. இதற்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. அதைச் சொல்ல ஒரு பயணம் போகிறோம், கூடவே வாருங்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபாகத்தில் தொடங்குவோம். அங்கே ஆண் பறவை கறுப்பே இல்லை. மண்ணிறம் கலந்த சாம்பல் உடம்பு, அதன் மேல் தனியாகக் கறுப்புத் தொப்பி போட்டது போல் உச்சந்தலை. நிக்ரோபிலியஸ் என்று இலத்தீனில் பெயர், கறுப்புத் தொப்பி என்றுதான் அதற்கு அர்த்தம். பெண் இன்னும் வெளிறிய மண்ணிறம். இவற்றில் சில கூட்டங்கள் மாரியில் தெற்கே இறங்கிவரும். கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் இதைப் போன்ற ஒன்று உண்டு, தொப்பி மட்டும் அவ்வளவு தெளிவில்லை. அதைத் தனியாகப் பிரிக்கத்தான் வேண்டுமா என்று அறிஞர்களுக்கே சந்தேகம், நாங்கள் அதில் தலையிடவில்லை.

தெற்கே நீலகிரிக்கு வந்தால் உடம்பு கருமண்ணிறமாகிவிடும். உச்சந்தலைக் கருமை இருக்கிறது, ஆனால் உடம்பும் கறுத்துவிட்டதால் தொப்பி அவ்வளவாக எடுபடாது. கண் வளையம் அகலமாகவும் பளிச்சென்றும் இருக்கும். சென்னைப் படையில் வைத்தியராக இருந்த ஜெர்டன் 1839இல் இதற்கு வைத்த பெயர் சிமிலிமஸ். மிகவும் ஒத்தது என்று பொருள். எதை ஒத்தது? அவருடைய நாட்டுப் பறவையை. பெயர் வைத்தவரின் கண் எங்கே இருந்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது!

நீலகிரிக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடர் அங்கே அறுந்து, முப்பது நாற்பது கிலோமீற்றர் அகலத்துக்குத் தாழ்ந்த நிலம். அதைத் தாண்டி கேரளத்தின் தென்மலைகளுக்கும் தமிழ்நாட்டின் தென்மலைகளுக்கும் போனால், தொப்பி அடியோடு மறைந்துவிடும். ஆண் பறவை முழுக்க ஒரே கருஞ்சாம்பல் மண்ணிறம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் காட்டு அதிகாரியாக இருந்த பூர்டிலன் என்பவரின் பெயர் இதற்கு. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையில் நீலகிரிப் பறவையும் இந்தப் பறவையும் கலந்து இரண்டுக்கும் இடைப்பட்ட தோற்றமுள்ளவை கிடைக்கின்றன. அங்கே எல்லைக்கோடு போட யாராலும் முடியாது.

அதற்குத் தெற்கே சமவெளி, கடல், மறுபடி சமவெளி, பிறகு நம் மலை. இங்கே தொப்பி இல்லை, மண்ணிறமும் போய்விட்டது. முன்னே சொன்ன அந்தச் சிலேட்டு நீலக் கருமை. இதற்குக் கின்னிசி என்று பெயர். கின்னிஸ் என்பவர் இங்கே இருந்த பிரித்தானிய இராணுவ வைத்தியர். 1833-34இல் இலங்கையில் பரவிய பெரியம்மை பற்றி அறிக்கை எழுதியவர். முட்டையிலும் வேறுபாடு உண்டு. இலங்கைப் பறவையின் முட்டையில் நிறமும் புள்ளிகளும் மற்ற மலைகளின் பறவைகளினதைவிட அழுத்தமாக இருக்கும்.

கோத்தகிரித் தோழி எழுதிய கடிதத்திலிருந்து ஒரு விஷயம். போன புதிதில் மாலை நேரத்தில் அந்தப் பாட்டைக் கேட்டபோது லிந்துலையில் இருப்பது போலவே இருந்ததாம். காலையில் போய்ப் பார்த்தால், குரலுக்குரிய பறவை வேறு மாதிரி இருந்தது. கறுப்பு கொஞ்சம் பழுப்பாகி, தலை மட்டும் கூடக் கறுத்து, யாரோ நம் பறவையின் மேல் தேயிலைத் தூளைத் தூவிவிட்டது போல. அங்கே அது வீட்டுத் தோட்டத்துக்குள் தாராளமாக வருமாம். மற்றப்படி மரம், புகார், கொழுந்து, கூடை எல்லாம் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார். திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் அவருடைய தகப்பனாருக்கு வேலை கிடைத்தது. அந்தத் தோட்டங்கள் காட்டு இலாகாவின் நிலத்தில் போடப்பட்டவை. இங்கே காட்டுத் தொங்கலில் இருந்தவர்கள் அங்கேயும் காட்டுத் தொங்கலுக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் இப்படி ஊருக்கு ஊர் மாறுகிறது? மலைகள் தீவுகளைப் போன்றவை. மலைக்காட்டுப் பறவைக்குக் கீழே உள்ள வெப்பமான சமவெளியும் ஒரு கடல்தான். கடைசிப் பனியுகத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை ஆழமற்றது, அது அன்று தரை. ஆகவே நம் தீவு பலமுறை இந்தியாவோடு ஒட்டியும் பிரிந்தும் இருந்திருக்கிறது. குளிர்ந்த காலங்களில் மலைநாட்டு உயிர்கள் தாழ்ந்த இடங்களுக்கும் இறங்கியிருக்கலாம். பிறகு வெப்பம் கூடக்கூட அவை மேலே ஏறி, ஒவ்வொன்றும் அதனதன் மலையில் தங்கிவிட்டன. நம் பறவை எப்போது வந்தது என்று ஆண்டுக் கணக்குச் சொல்ல நாங்கள் முயலவில்லை. ஆனால் இறகின் நிறமும் முட்டையின் புள்ளியும் மாறுமளவுக்கு இது இங்கேயே இருந்து, இங்கேயே இணை சேர்ந்து, இங்கேயே குஞ்சு பொரித்திருக்கிறது. இது ஒன்று மட்டுமல்ல. ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகரத்மல் மரத்துக்கு நீலகிரியில் ஒரு சகோதரி உண்டு. நம் மலைப்புறாவுக்கும் நீலகிரியில் ஒரு சகோதரி உண்டு. அந்தப் புறாக்களைப் பிரித்துத் தனித்தனி இனமாகவே எழுதியிருக்கிறார்கள்.

இங்கேதான் பெயர் விவகாரம் வருகிறது. இனம் என்று எழுதினால் ஒரு மரியாதை, துணையினம் என்று எழுதினால் இன்னொரு மரியாதை. இலங்கைக்கே உரிய பறவையினங்கள் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றைப் பார்க்க வெளிநாட்டவர்கள் பெரிய கமராக்களோடு வருகிறார்கள். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பாதையில் ஆரங்கா குளம் என்று ஒரு சிறு குளம் இருக்கிறது. முன்னே சொன்னோமே, சீழ்க்கைப் பூங்குருவி, அதன் பழைய விஞ்ஞானப் பெயரால் அமைந்த குளம் அது. விடியற்காலைக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த ஒரு பறவைக்காகக் காத்திருக்கிறார்கள். அதே குளத்தங்கரையில் கறுப்புப் பூங்குருவி வந்து சருகைப் புரட்டினால் ஒரு கமராவும் திரும்பாது. 'அது இந்தியன் பிளாக்பேர்ட்தானே' என்று வழிகாட்டி சொல்வதை டயகம ஆசிரியை தன் காதால் கேட்டிருக்கிறார்.

உலகப் பட்டியலில் இந்த இனம் அழியும் ஆபத்துக் குறைந்தது என்று இருக்கிறது. இந்தியாவின் மலைகளில் தாராளமாக இருப்பதால் அந்தக் கணக்கு இனத்துக்குச் சரி. ஆனால் நாம் சொன்ன சிலேட்டுக் கருமைப் பறவை இந்த ஒரு மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இங்கே குறைந்தால் கோத்தகிரியில் இருக்கும் பறவை அந்த இடத்தை நிரப்பப்போவதில்லை. அங்கே நிறைய இருக்கிறது என்ற பேச்சு இங்கே உள்ளதைக் காப்பாற்றாது.

இந்தப் பேச்சை நம்மில் பலர் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். பறவையையும் மனிதரையும் ஒன்றாக வைத்துப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. மனிதரில் துணையினம் என்று ஒன்று கிடையாது, விஞ்ஞானம் படித்தவர்கள் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாங்கள் ஒப்பிடுவது ஒட்டப்பட்ட சீட்டை மட்டுமே. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் தாத்தா பாட்டிமார் இந்த மலையில் பிறந்தும் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லாமற் போனார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று தலைகள் பிரிக்கப்பட்டன. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக விட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் விஷயம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. குடிசனமதிப்புப் படிவத்தில் 'இந்தியத் தமிழர்' என்ற கட்டத்துக்குள் நம்மை எழுதியதும் நமக்குத் தெரியும். நாங்கள் நால்வரும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான்காவது இடம் வெறுமையான அந்தத் தவணையில் எங்களுக்குப் பதினைந்து வயது.

சீட்டுகள் மாறவும் செய்கின்றன. இதே பூங்குருவிக் குடும்பத்தில் செதில் செதிலான கோலமுள்ள ஒரு பறவை நம் காடுகளில் உண்டு. அதையும் இமயமலைப் பறவையின் ஒரு துணையினம் என்றுதான் எழுதிவந்தார்கள். இன்று இலங்கைப் பூங்குருவி என்ற பெயரில் தனி இனமாக வைத்திருக்கிறார்கள். பறவை மாறவில்லை, அது முன்பு போலவே சருகுக்குள் சத்தமில்லாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது. கூடுதலான பறவைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததால் எழுதுகிறவர்களின் தீர்ப்புத்தான் மாறியது.

அப்படிப் பார்த்தவர்கள் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1852இல் இலங்கை விலங்குகளுக்கு முதன்முதலாக ஒழுங்கான பட்டியல் போட்ட கெலார்ட் இந்தத் தீவில் பிறந்த பறங்கியர், இராணுவ வைத்தியர். 1955இல் வந்த இலங்கைப் பறவைகளின் வழிகாட்டி நூலை எழுதி, படங்களையும் தாமே வரைந்த ஜீ. எம். ஹென்றி ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஆனால் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே இந்தப் பறவையை நாள்தோறும் பார்த்த நம் அம்மாமாருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. எந்த மாதத்தில் பாடத் தொடங்கும், எந்தச் செடியின் பழத்துக்கு வரும், கூட்டுக்குப் பாசியை எங்கிருந்து உரிக்கும் என்றெல்லாம் சொல்லக்கூடியவர்கள் இன்றும் லயங்களில் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அந்தப் பெண்களிடம் கேட்டு எழுதும் வேலையை டயகம ஆசிரியை தம் மாணவிகளைக் கொண்டு தொடங்கியிருக்கிறார்.

அவசரப்படக் காரணம் இருக்கிறது. 1870களில், ஹூக்கர் என்ற தாவரவியலாளரின் ஆலோசனையை ஒட்டி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வந்தது. அது வந்திராவிட்டால் இன்று பிதுருதலாகலையின் உச்சி வரை தேயிலைதான். அந்தக் கட்டுப்பாடு வருமுன்பே கீழ்க்காடுகள் கோப்பிக்குப் போய்விட்டன. கோப்பியை 1869இல் கண்ட இலைநோய் தின்ற பிறகு அதே இடங்கள் தேயிலைக்கு வந்தன. மிச்சமாகத் தோட்டங்களுக்குள் இருப்பவை ஆற்றோரத்துக் காட்டுத் துண்டுகளும் மலையுச்சித் துண்டுகளுமே. தொழிற்சாலை விறகுக்கு நட்ட டர்பன்டைன் மரங்களைக் காடு என்று கணக்கெடுக்கிறார்கள். அந்த மரத்தடியில் நடந்து பாருங்கள், காய்ந்த இலை காலில் நொறுங்கும், அதைப் புரட்டினால் புழு அதிகம் இருக்காது. பூங்குருவிக்கு வேண்டியது ஈரச் சருகு. லீக்ஸ், கரட், கோவாப் பாத்திகள் காட்டின் விளிம்பை அரித்து ஏறுகின்றன, கூடவே மருந்துத் தெளிப்பும் ஏறுகிறது. தோட்டக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பிள்ளைகளைப் படிக்கவைக்கிற காசு அந்தப் பாத்தியிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் விளிம்பு விளிம்பாகக் காடு சுருங்குகிறது.

இப்போது செயற்குழுவுக்கு எங்கள் வேண்டுகோள். கல்லூரி வளவின் பின்சரிவில் ஒரு மரத்தொகுதி இருக்கிறது. ஓடைக்கு மேலே, பழைய விடுதிச் சமையலறைக்குப் பின்னால். நூற்றாண்டு மண்டபத்துக்கு அந்த இடத்தையும் பார்த்திருப்பதாகவும் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றும் அறிந்தோம். வாகனம் நிறுத்த வசதி, வீதிக்குக் கிட்ட என்று அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சரிவு மேலே உள்ள காட்டோடு ஓடை வழியாகத் தொடர்புள்ளது. இந்த முறை வந்தபோது அங்கே ஒரு சோடியைப் பார்த்தோம், பெண் பறவையின் சொண்டில் பாசி இருந்தது. மண்டபத்தை வலைப்பந்துத் திடலின் கீழ்ப்பக்கத்துக்கு நகர்த்தினால் படி கட்டும் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவில் ஒரு பங்கை எங்கள் வகுப்பு ஏற்கிறது. மற்ற வகுப்பினரும் யோசித்துப் பாருங்கள். மண்டபத்தை எங்கும் கட்டலாம். கூடவே இன்னொன்று: அந்த மரங்களுக்கடியில் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாம் என்று வேலையாட்களிடம் சொல்லிவிடுங்கள். அங்கே குப்பை கிடக்கிறதே என்று யாரும் ஏசமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயத்தில் கூட்டிவிடுவார்கள்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்து வந்திருக்கும் பழைய மாணவிகளிடமும் ஒரு வேலை கேட்கிறோம். இங்கிலாந்து, ஜேர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே அந்தப் பெரிய பறவை வரும். நீலகிரியிலும் கூடலூரிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களுக்கு மற்றத் துணையினங்கள் கிடைக்கும், கொடைக்கானல்காரர்களுக்கு இரண்டும் கலந்ததே கிடைக்கக்கூடும். பார்க்கும்போது ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: உச்சந்தலை உடம்பைவிடக் கறுத்திருக்கிறதா, கால் என்ன நிறம், கண் வளையம் அகலமா ஒடுக்கமா, கூட இருக்கும் பெண் பறவையின் சொண்டு என்ன நிறம், எந்த மாதத்தில் பாடியது. படம் எடுக்க முடிந்தால் நல்லது, எடுத்தால் கூட்டுக்குக் கிட்டப் போக வேண்டாம். எழுதியதைக் கல்லூரி விஞ்ஞானக் கூடத்துக்கு அனுப்பினால் மாணவிகள் பெரிய தாளில் ஒரு வரைபடம் போட்டு ஒவ்வொரு ஊரின் பறவையையும் அதனதன் நிறத்தில் தீட்டுவார்கள். நீலகிரிப் பறவைக்கு என்ன நிறம் கலப்பது என்று இப்போதே அங்கே சண்டை.

இருபது நிமிடம் முடிகிறது. சந்தேகம் இருப்பவர்கள் தேநீர் இடைவேளையில் எங்களைப் பிடித்துக்கொள்ளலாம். கோத்தகிரித் தோழியும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையோடு இருப்பவர் அவர்தான். நாளை விடியற்காலை ஐந்தரைக்குப் பின்சரிவுக்குப் போகிறோம், வருகிறவர்கள் கம்பளிச் சட்டை போட்டு, அட்டைக்குச் சவர்க்காரம் பூசிக்கொண்டு வாருங்கள்.